பகையாளியின் ஒரு மிடறு

மூன்று வாரமாக அந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பேசவில்லை என்றால் வீட்டில் சத்தமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின, கதவுகள் பேசின. மூத்தவள் ஒரு மூடியைச் சமையல் மேடையில் வைத்தால் அதில் நாலு வசவு இருக்கும். இளையவள் குழாயைத் திருகி மூடினால் அதில் எட்டு இருக்கும்.

இடையில் ஓரிரு வாரம் விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முன்கட்டில் தேயிலைப் பட்டறை, பின்கட்டில் வீடு, நடுவில் ஒரு கதவு. பழமும் மசாலாவும் சேர்த்த தேயிலைதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர் பட்டறையைப் பார்க்கிறார். சின்னவர் கிடங்கையும் வண்டியையும் பார்க்கிறார். எந்தப் பழத்தை எந்த மசாலாவோடு கட்டிவைப்பது என்பது மட்டும் மருமகள்களின் வேலை. அதற்கென்று ஒரு கலவை அறை இருக்கிறது. அதன் சாவி இரண்டு வருடமாக இளையவளிடம். மூத்தவள் அதே இரண்டு வருடமாக லேபிள் ஒட்டும் அறையில்.

அப்படி இருக்கும்போதுதான், மூன்று வாரத்துக்கு முன்னால், இளையவள், தான் பார்த்துப் பார்த்துக் காயவைத்த ஆரஞ்சுத் தோல் இருந்த டின், விறகுப் புகையில் உலர்த்திய புகைத் தேயிலைக்குப் பக்கத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தாள். தேயிலைக்காரர்களுக்கு இது தெரியும். புகைத் தேயிலைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அது ஊரெல்லாம் எரிந்த வாடையை வாங்கிக்கொள்ளும். ஆறு கிலோ தோலும் பாழ். அத்தனையையும் குப்பைக் கூடையில் கவிழ்த்துவிட்டு, பேக்கிங் கூடத்தில் பதினோரு பெண்கள் வேலை செய்துகொண்டிருக்க, அவள் மூத்தவளைப் பார்த்துக் கத்தினாள்:

"ஜெயிக்கத் துப்பில்லைன்னா இப்படித்தான் செய்யத் தோணும்!"

மூத்தவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதற்கப்புறம் பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன.

இன்றைக்கு ருசி பார்க்கும் நாள்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி வருவார். நரைத்த தலை, இறுகின வாய். எந்தக் கோப்பையைக் குடித்தாலும் முகத்தில் ஒரு முள் அசையாது. அதனால் வீட்டில் அவருக்குத் 'தராசம்மா' என்று பெயர். அவர் ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்தால் அவர்களுடைய எல்லா ஹோட்டல்களிலும் இரண்டு வருடம் அதுதான் ஓடும். அந்தக் கலவையைச் செய்தவள் கையில்தான் கலவை அறைச் சாவி இருக்கும்.

இளையவளுக்கு அந்தச் சாவி வெறும் சாவி இல்லை. ஒரு பெரிய கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ருசி பார்க்கிற வேலையில் இருந்து, கல்யாணத்துக்காக அதை விட்டுவிட்டு வந்தவள் அவள். அந்த அறை போனால், காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை பசைக் கிண்ணத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

காலை ஆறரை மணிக்குச் சமையலறைக்குப் போனாள். ருசி பார்க்கிற நாளில் வீட்டில் வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, வாசனைச் சோப்பு கிடையாது. உப்புக்கூடப் போடாத அரிசிக் கஞ்சி மட்டும்தான். மேடையில் ஒரு கிண்ணம் தட்டால் மூடியிருந்தது. தட்டின்மேல் ஒரு கரண்டி.

அவளுக்காகத்தான்.

மூன்று வாரமாக ஒரு வாய்த் தண்ணீர் நீட்டாதவள், இன்றைக்குப் பார்த்துக் கஞ்சி மூடி வைத்திருக்கிறாளா? இளையவள் தட்டைத் தூக்கி முகர்ந்தாள். கஞ்சி வாசனைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கிராம்பை இடித்துத் துளியூண்டு கலந்தால் போதும், நாக்கு அரை நாளைக்கு மரத்துப்போகும். அது இருவருக்குமே தெரிந்த வித்தை.

கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தாள். நேற்று மத்தியானத்துக்கு அப்புறம் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நேற்று இரவும் கவலையில் தட்டைத் தள்ளிவிட்டாள். இருக்கட்டும், வெறும் வயிறாக இருந்தால் நாக்கு கூர்மையாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இதைத்தான் கண்ணுகளே, புத்திசாலிகள் செய்கிற முட்டாள்தனம் என்பேன்.

திரும்பினால் வாசற்படியில் மூத்தவள் நிற்கிறாள். தொட்டியைப் பார்த்தாள். வெள்ளையாக வழிந்தோடும் கஞ்சியைப் பார்த்தாள். வந்த வழியே போய்விட்டாள்.

பத்து மணிக்குத் தராசம்மா வந்தார்.

நீள மேசையில் வெள்ளை விரிப்பு. ஆறு வெள்ளைக் கோப்பைகள், ஆறுக்கும் மூடி. பெரியவர் ஒவ்வொன்றிலும் மூன்று கிராம் தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதி வந்த நீரை ஊற்றி, மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தார். அவர் இந்த வேலையைச் செய்யும்போது மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவார். மனைவி ஒரு பக்கம், தம்பி பெண்டாட்டி ஒரு பக்கம். பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் வம்பு என்று அவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவர் சுவரோரமாக நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது. பெண்டாட்டிக்காகக் கவலைப்படுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த மேசைக்கு ஒரு விதி உண்டு. காலமாகிவிட்ட மாமனார் போட்டுவிட்டுப் போனது. தன் கலவையைத் தானே புகழாத ஆள் உலகத்தில் இல்லை. அதனால் அவரவர் எதிராளியின் கோப்பைகளைத்தான் ருசிக்க வேண்டும். கரண்டியில் எடுத்து, வாயில் சுழற்றி, வாளியில் துப்பிவிட வேண்டும். என்ன வேண்டுமானாலும் குறை சொல்லலாம், வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. ஆனால் துப்பாமல் எதை விழுங்குகிறாளோ, அது ஜெயித்த கோப்பை. இரண்டு பேரும் ஒவ்வொன்றை விழுங்கினால் வந்தவர் தேர்ந்தெடுக்கலாம். இருவரும் எல்லாவற்றையும் துப்பிவிட்டால், வந்தவர் வெறுங்கையோடு போய்விடுவார்.

தராசம்மா இந்த விதிக்காகவே இங்கே வருகிறவர். "பகையாளி விழுங்கினதை எந்த ஹோட்டல்லயும் தைரியமா வைக்கலாம்" என்று பெரியவரிடம் ஒருமுறை சொன்னாராம்.

போன தடவை மூத்தவள் விழுங்கினாள். அதனால்தான் லேபிள் அறை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் தராசம்மா.

முதலில் மூத்தவள். இளையவளின் மூன்று கோப்பைகள் அவள் முன்னால் நகர்ந்து வந்தன. மூடியைத் திறந்ததும் ஆவியோடு பேரிக்காய் வாசனை எழுந்தது, பின்னாலேயே ஏலக்காய். மூத்தவள் கரண்டியில் எடுத்து, சர்ரென்று காற்றோடு உறிஞ்சினாள். கன்னம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. துப்பினாள்.

"நல்லா இருக்கு," என்றாள் தராசம்மாவிடம். "காய்ச்சல்காரங்களுக்குக் கொடுக்கலாம்."

இளையவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது மாதுளையும் பட்டையும். கோப்பைக்குள் ரத்தினம் கரைந்த மாதிரி நிறம். மூத்தவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், உறிஞ்சினாள், துப்பினாள்.

"பார்க்க அழகுதான். வாயில வெச்சாத்தான் துவர்ப்பு தெரியுது. சில பேர் அப்படித்தான்."

"அக்கா, தேயிலையைப் பத்தி மட்டும் பேசுங்க," என்றாள் இளையவள். மூன்று வாரத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நான் தேயிலையைத்தான் சொன்னேன். மேடத்துக்கு ஏன் உறைக்குது?"

மூன்றாவது, பீச் பழமும் இஞ்சியும். இதில்தான் இளையவள் தன் உயிரை வைத்திருந்தாள். காய்ந்த பீச் துண்டுகளைத் தேயிலையோடு பன்னிரண்டு நாள் மூடிவைத்து, பதின்மூன்றாம் நாள்தான் இஞ்சியைச் சேர்த்தாள். முதலில் பழத்தின் தேன்போன்ற இனிப்பு நாக்கின் நுனியில் உட்காரும். அது கிளம்புகிற நேரம் பார்த்து, இஞ்சி தொண்டையின் வாசலில் சூடாக வந்து நிற்கும்.

மூத்தவள் உறிஞ்சினாள்.

கன்னம் அசைந்தது, நின்றது. கண்கள் மேசையில் எதையோ தேடின. பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தில் நொடி முள் பாதிச் சுற்று வந்திருக்கும், அவள் இன்னும் துப்பவில்லை. தொண்டைக் குழி ஒருமுறை ஏறியது. இளையவள் நகங்களை உள்ளங்கையில் பதித்துக்கொண்டாள். இறங்கு, இறங்கு!

மூத்தவள் குனிந்து வாளியில் துப்பினாள். கண்ணோரம் ஈரமாகியிருந்தது.

"ம்," என்றாள். "போகட்டும்."

குத்தல் பேச்சே இல்லை. அந்த ஒரு சொல்லில் அவள் என்ன பாடுபட்டாள் என்பது இளையவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்? வாளிக்குள் போனது போனதுதான்.

இப்போது இளையவள் முறை. வயிறு காலையிலிருந்து கூப்பாடு போட்டு ஓய்ந்திருந்தது.

முதல் கோப்பை, ஆப்பிளும் பட்டையும். வாயில் பட்ட சூட்டுக்கும் இனிப்புக்கும் உடம்பே இளகினமாதிரி இருந்தது. தொண்டை 'கொடு' என்று கேட்டது. துப்பினாள்.

"பட்டையை இப்படி வாரிக் கொட்டினா, ஆப்பிள் எங்க போய் உட்காரும்?"

"நான் கைப்பிடி அளவுல போடுறவ. மேடம் மாதிரி மில்லிகிராம் தராசு என்கிட்ட ஏது? அடுப்படியில கலந்தது அது," என்றாள் மூத்தவள்.

இரண்டாவது, கொய்யாவும் சோம்பும். இதைத் துப்புவது சுலபமாக இருந்தது.

"கொய்யா எங்க? சோம்பைப் பார்த்துப் பயந்து ஓடிப்போச்சா?"

சின்னவர் சிரித்துவிட்டார். அண்ணி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே காய்ந்தது.

மூன்றாவது கோப்பையின் மூடியைத் திறந்தாள்.

வாசனை எழுந்தது என்று சொல்ல மாட்டேன். வாசனை வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தது. எங்கோ தூரத்தில் விறகு எரிந்து அணைந்த இடம். அந்தச் சாம்பலுக்கு நடுவில் யாரோ ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரிக்கிறார்கள். அவள் கரண்டியில் எடுத்து உறிஞ்சினாள். முதலில் புகை, முரடாக. ஐயோ என்று நினைக்கும் முன்னால் அதன் முதுகில் ஏறிக்கொண்டு ஆரஞ்சு வந்தது, கசப்பும் இனிப்புமாக. பிறகு உலர்ந்த பிளம் பழத்தின் கனத்த புளிப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, கிராம்பு. குத்தாமல், ஒரு கையைத் தோளில் வைத்ததுபோல.

அது அவளுடைய ஆரஞ்சுத் தோல். அவள் குப்பைக் கூடையில் கவிழ்த்த தோல்.

கோபமாகத் தலையை நிமிர்த்தினாள். வாயைத் திறந்து கத்த நினைத்தாள். கத்துவதற்கு வாயில் இருந்ததை ஏதாவது செய்ய வேண்டுமே!

விழுங்கிவிட்டாள்.

பெரியவர் மணற்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"விழுங்கியாச்சு," என்றார் தராசம்மா, மணி சொல்வதுபோல.

"செல்லாது!" சின்னவர் சுவரைவிட்டு முன்னால் வந்தார். "அவ நேத்து மத்தியானத்துல இருந்து பட்டினி! பசிச்ச வயிறு எதைத்தான் விழுங்காது? இன்னொரு தடவை வெச்சுக்கலாம்."

"ஏன் பட்டினி?" மூத்தவளின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "நான் கஞ்சி மூடி வெச்சிருந்தேனே. ஏன் அதைத் தொட்டியில ஊத்தினா? கேளுங்க தம்பி, உங்க பெண்டாட்டியை. அதுல என்ன கலந்திருந்தேன்னு நெனச்சாளாம்?"

"நீங்க என் தோலைத் திருடினீங்க!" என்றாள் இளையவள்.

"குப்பைக் கூடையில கெடந்தது. பதினோரு பேர் பார்க்க நீதான் கொட்டினே. குப்பைக்கு எப்பருந்து பட்டா வாங்கினே?"

"நான் பட்டினின்னு தெரிஞ்சேதானே இதைக் கடைசியா வெச்சீங்க?"

"ஆமா," என்றாள் மூத்தவள், கண் இமைக்காமல். "தெரிஞ்சுதான் வெச்சேன். ஊத்தினது நீ, வரிசை வெச்சது நான்."

பெரியவர், "போதும், போதும்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

தராசம்மா கையை உயர்த்தினார். இளையவளை நேராகப் பார்த்தார். "உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விம்மா. பசியில விழுங்கினீங்களா, பிடிச்சு விழுங்கினீங்களா? பசின்னு சொன்னா நான் இன்னொரு நாள் வரேன்."

எவ்வளவு சுலபமான வழி பாருங்கள். பசி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னவர் கண்ணால் கெஞ்சினார். சொல்லேன், சொல்லேன்!

நாக்கில் இன்னும் அந்தக் கிராம்பு இருந்தது. போகமாட்டேன் என்று இருந்தது. ஆறு வருடம் ஆய்வுக்கூடத்தில் நாக்கை விற்றுப் பிழைத்தவள் அவள். அதை வைத்துக்கொண்டு ஒரு பொய் சொன்னால் அப்புறம் எந்தக் கோப்பையை நம்புவது?

"மூணு கோப்பைக்கும் ஒரே பசிதான் இருந்துச்சு," என்றாள். "ரெண்டைத் துப்பிட்டேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அதை நீட்டவில்லை. மேசையில் வைத்தாள், சத்தம் வருகிற மாதிரி. மூத்தவளும் கையில் வாங்கவில்லை. மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

தராசம்மா பையை மூடினார். "நாளைக் காலையில பத்து மணிக்குள்ள அளவுச் சீட்டு வேணும். என்னென்ன சரக்கு, எது எவ்வளவுன்னு. அதே அளவுல கலந்து ஒரு சாம்பிள் டின்னும். எங்க ஆய்வுக்கூடத்துல ரெண்டும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா இந்தத் தடவை இங்க இருந்து எதுவும் எடுக்க மாட்டேன்."

மூத்தவள் தலையாட்டினாள். ஆட்டிய வேகம் கொஞ்சம் அதிகம்.

லேபிள் அறையில் ஒரு ஜன்னல், ஒரு பசைக் கிண்ணம், மலைபோல அட்டைப் பெட்டிகள். இளையவள் ஒவ்வொரு லேபிளாக ஒட்டினாள். கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது.

சின்னவர் ஒரு தட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்தார். கதவைச் சாத்தினார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டேயிருந்தார்.

"என்னங்க, வேலை இல்லையா?"

"நான் ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த டின்னை அங்க வெச்சது அண்ணி இல்ல."

அவள் கையில் பசைத் தூரிகை நின்றது.

"கிடங்குல உன் தோல் இருந்த இடத்துல கூரை ஒழுகுச்சு. நனைஞ்சுடுமேன்னு தூக்கி அந்தப் பக்கம் வெச்சேன். ஒரு மணி நேரத்துல எடுத்துடலாம்னுதான். வண்டி வந்துச்சு, லோடு ஏத்தினேன், மறந்துட்டேன். ஒன்பது நாள்..."

"நீங்களா?"

"நீ கூடத்துல நின்னு கத்தினப்ப நான் வாசல்லதான் இருந்தேன். சொல்ல வாய் வரலை."

"மூணு வாரமா வாய்க்குப் பூட்டா போட்டிருந்தீங்க? நான் அவங்களை என்னென்ன சொன்னேன்! இன்னிக்கு அந்தக் கஞ்சியை..." அவள் காலித் தட்டைத் தூரத் தள்ளினாள்.

"போன வருஷம் உலர்த்துற அறைக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போனேன்ல? இன்னொரு தடவை இப்படி நடந்தா கிடங்குச் சாவியைக் கொடுத்துட்டு வெளியில வேற வேலை பார்த்துக்கோன்னு அண்ணன் சொல்லியிருக்கார். அவர் சொன்னா செய்வார். உனக்கே தெரியும். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதே."

"வெளியில போங்க."

"சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். போங்க!"

அவர் போனார். அவள் இரண்டு லேபிளைத் தலைகீழாக ஒட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் கலவை அறை. மத்தியானத்திலிருந்து அங்கே கெட்டில் விசிலடித்தது. சிறிது நேரத்தில் சர்ரென்று உறிஞ்சும் சத்தம். அப்புறம் துப்பும் சத்தம். மறுபடி கெட்டில். மறுபடி துப்பல். மூன்றாவது தடவை துப்பியபோது கூடவே ஒரு வசவும் விழுந்தது.

இளையவளுக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடி அளவில் கலந்தவளுக்குக் கையளவு தெரியும், கிராம் தெரியாது. அதைவிட, அடுப்படியில் ஏதோ ஒரு வேகத்தில் கலந்தது மறுபடி கைக்கு வரவில்லை.

நாலரை மணிக்குக் கதவு திறந்தது. மூத்தவள் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து லேபிள்களுக்கு நடுவில் வைத்தாள். கேட்கவில்லை. நின்றாள்.

இளையவளும் நிமிரவில்லை. இரண்டு பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். மூன்றாவதுக்குப் பசை தடவினாள்.

"ஆறிடும்," என்றாள் மூத்தவள் கடைசியில்.

இளையவள் ஒரு வாய் எடுத்து, பக்கத்திலிருந்த காலி டப்பாவில் துப்பினாள். "கிராம்பு கூடிப்போச்சு. பிளம் பத்தலை. தோலை நீங்க அப்ப இடிக்கலை, கையால கிள்ளிப் போட்டிருந்தீங்க."

மூத்தவளின் புருவம் ஏறியது. "எவ்வளவு கூடிப்போச்சு?"

"அது எனக்குத் தெரியும்."

"தெரியும்னுதான் வந்தேன். சும்மா உன் மூஞ்சியைப் பார்க்கவா வந்தேன்?"

"எனக்குக் கலவை அறையில இடம் வேணும்."

"சாவி என்கிட்ட வந்து ஆறு மணி நேரம்கூட ஆகலை."

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். உள்ள வேலை செய்ய இடம் கொடுங்க. இல்லைன்னா நாளைக்குப் பத்து மணிக்குக் கைப்பிடி அளவை எழுதிக் கொடுங்க, அந்தம்மா படிச்சுப் பார்ப்பாங்க."

மூத்தவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தாடை இறுகியது. இந்த அறையின் இரண்டு வருடமும் அந்தத் தாடையில் இருந்தது.

"இடம் கொடுக்கறேன். சும்மா இல்ல. கூடத்துல, அந்தப் பதினோரு பேர் முன்னாடி, நீ சொன்னதைத் திரும்ப வாங்கிக்கணும். டின்னை நான் நகர்த்தலைன்னு உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன்."

"யார் நகர்த்தினாங்கன்னும் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"அது எதுக்கு? நீங்க இல்லைன்னு சொன்னா போதாதா?"

"போதாது. இன்னொரு ஆள் பேர் வராத வரைக்கும் அவளுங்க பார்வை என் மேலதான் இருக்கும். மூணு வாரமா நான் வாங்கற பார்வை எனக்குத்தான் தெரியும்."

"பேர் இல்லாம மன்னிப்பு கேக்கறேன் அக்கா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"பாதி மன்னிப்புக்குப் பாதி இடம்தான். அங்க ஒரே நாற்காலி. அது எனக்கு. நீ நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாரு."

"சரி. நிக்கிறேன்."

மூத்தவள் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தவள், அதைத் திருகவில்லை. மெதுவாகத் திரும்பினாள்.

"அஞ்சு வருஷமா உன்னோட மல்லுக்கட்டறேன். ஒரு கரண்டி விஷயத்துலகூட நீ எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. காலையில நான் வெச்ச கஞ்சியைக்கூட நம்பலை. இப்ப ஒரு எதிர்ப்பேச்சு இல்லை. நான் செய்யலைன்னு சொல்றேங்கிற. கும்பிடறேங்கிற. நாள் பூரா நிக்கிறேங்கிற. பேரை மட்டும் கேக்காதீங்கங்கிற."

இளையவள் பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"யாருன்னு உனக்குத் தெரியும்," என்றாள் மூத்தவள்.

இளையவள் ஒரு பென்சிலைத் தேடி எடுத்தாள். லேபிள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தை மூத்தவளை நோக்கித் தள்ளினாள்.

"நூறு கிராம் தேயிலைக்குக் கிராம்பு முக்கால் கிராம்," என்றாள் அவசரமாக. "பிளம் ஒன்பது. எழுதிக்குங்க அக்கா. ஒவ்வொண்ணா சொல்றேன்."

மூத்தவள் எழுதவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.